அகராதியில் சேர்க்கவா?

எங்கட போனுக்கு மீன் தெரியாது.

விடிய ஐந்தரைக்குத் திருக்கடலூர்க் கரையில்
வள்ளம் இழுத்த மூச்சு அடங்கமுதல்
இவர் அதற்குள் கதைப்பார்:
"பாரை முப்பது கிலோ."
அது எழுதும்: பாறை முப்பது கிலோ.
உவர்மலை ரீச்சர் திருப்பிக் கேட்டா,
"வீடு கட்டுறீங்களோ தம்பி?"

கீரி எண்டால்
பாம்போடு மல்லுக்கட்டும் கீரியின் படத்தைக்
கேளாமலே கொண்டுவந்து நீட்டும்.
கணவாய் எண்டு தேடினால்
இரண்டு மலைக்கு நடுவில் ஒரு றோட்டு.
கடலே காணாத ஊரில் வளர்ந்த பிள்ளை.
ஆனால் பணிவான பிள்ளை.
தெரியாத சொல்லுக்கு அடியில்
சிவப்புக் கோடு இழுத்துவிட்டுக் காத்திருக்கும்.

நாங்கள் நாலு பேர். போன் ஒண்டு.
இரவில் அது கடலில்,
பொலித்தீன் பைக்குள் முடிச்சுப் போட்டபடி,
வலை விட்ட இடத்தைப் புள்ளியாய் வைத்திருக்கும்.
ஏழு மணிக்கு என்னிடம் வரும்.
வாங்கினவர், தந்தவர், தராதவர்,
"நாளைக்கு" எண்டு குரல் அனுப்புகிறவர்.
இரண்டு மணிக்கு யதுசிகாவுக்கு.
உப்பேறிய ஒலிபெருக்கியில்
விஞ்ஞான சேர் ஒளித்தொகுப்பைச் சொல்லச் சொல்ல
அவர் தொண்டைக்குள் மணல் உருளும்.
பின்னேரம் கிதுசன்,
இறால் வடை தின்ற விரலால் அ எழுதுவான்.
அ வழுக்கிப் போய்
ஆருக்கோ அழைப்பெடுக்கும்.

தவணைப் பரீட்சை முடிந்த கிழமை
யதுசிகா சிவப்புக் கோடுகளைப் பிடிக்கத் தொடங்கினாள்.
அமத்திப் பிடித்தால் அது கேட்கும்:
அகராதியில் சேர்க்கவா?
சேர். சூடை. சேர். சீலா, விளை, திருக்கை.
"அம்மா, அறுக்குளாவுக்கு எந்த ற?"
பத்து வயதில் இருந்து வெட்டுகிறேன்,
ஒருநாளும் எழுதினதில்லை.
"அறுக்கிறதுதானே பிள்ளை, அந்த ற போடு."
கிதுசன் தன் பூனையின் பெயரைச் சேர்த்தான்.
பூனைக்குப் பெயர் பூனைதான்,
அது முன்னமே இருந்தது. அழுதான்.

ஒரு இரவு, காற்றுக்குக் கடல் மூடின இரவு,
போன் வீட்டில் நிண்டது.
எல்லாரும் படுத்த பிறகு எழுதிப் பார்த்தேன்:
சுகிர்தமலர்.
அடியில் சிவப்புக் கோடு.
கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.
அழித்துவிட்டு
ஐஸ்கட்டிக் கணக்கைப் போட்டேன்.

வைகாசியில் பை கிழிந்தது.
அரிசிப் பானைக்குள் மூன்று நாள் வைத்தோம்,
நாலாம் நாள் அந்த அரிசியையே சமைத்தோம்.
கடைப் பெடியன் காதில் வைத்து ஆட்டிப் பார்த்து
"போர்ட் போச்சு அக்கா" எண்டான்.
கையில் இருந்ததும் மிச்சம் கடனுமாய்
ஆரோ பாவித்த ஒண்டு.
திறந்ததும் வணக்கம் சொன்னது,
மொழியைத் தெரிவுசெய்யச் சொன்னது,
எங்களை ஆரெண்டு கேட்டது.

கடல் புள்ளிகள் போனதுக்கு இவர் கவலைப்படவில்லை.
"அது மண்டைக்குள்ள கிடக்கு" எண்டார்.
யதுசிகாதான் சாப்பிடவில்லை.
அவளது நூற்றுச் சொச்சம் சொல்லும்
தண்ணியோடு போயிற்று.

விடிய இவர் புதுசுக்குள் கதைத்தார்,
பழைய பயத்தோடு, ஒவ்வொரு எழுத்தாய்:
"பா-ரை."
பாறை எண்டே போனது.
ஒரு நிமிசம் இல்லை, உவர்மலையில் இருந்து பதில்:
"பாறை ரெண்டு கிலோ வையுங்கோ தம்பி.
கீரி வேண்டாம், இங்க பாம்பில்லை."
அடுத்தது அலஸ்தோட்டத்து ஓட்டோக்காரர்:
"மலைப்பாதை அரைக் கிலோ. கறிக்கு."

யதுசிகா வாசித்தாள்.
திரும்ப வாசித்தாள்.
பல் தீட்டாத வாயோடு சிரித்த சிரிப்பில்
கிதுசன் எழும்பிவிட்டான்.
"அப்ப நான் ஆருக்கு இவ்வளவும் படிப்பிச்சனான்?"

இண்டைக்கும் காற்று. கடல் மூடிக் கிடக்குது.
போன் என் கையில், சார்ஜ் ஒன்பது வீதம்.
சுகிர்தமலர்.
கோடு வந்தது.
அமத்தினேன். கேட்டது.
சேர்.
பிறகுதான் அறுக்குளா.